மெஸ் தட்டும் ராத்திரி ரவுண்ட்ஸும்: ஒரு விடுதி வார்டனின் நோட்டிலிருந்து

புதிதாக வார்டன் வேலைக்கு வருகிறவர்களிடம் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். வருகைப் பதிவேடு, மெஸ் கணக்கு, தண்ணீர் லாரிக்காரர் நம்பர் எல்லாம் கொடுப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் 16 வருஷமாக வார்டனாக இருக்கிறேன். படித்தது எம்.ஏ. பொருளாதாரம். மனநலம் பற்றித் தெரிந்ததெல்லாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேள்வி கேட்டும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டது. உதவி வார்டன்களுக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் கொஞ்சம் சீர்செய்து இங்கே தருகிறேன். வீட்டில் வயசுப்பிள்ளை இருக்கிற யாருக்கும் பொருந்தும். இதில் வரும் பெண்கள் யாரும் தனி ஆள் இல்லை, மூன்று நாலு பேரைக் கலந்து ஒருத்தி ஆக்கியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன நோய் என்று பெயர் வைப்பது நம் வேலை இல்லை. மாறியிருப்பதைக் கவனிப்பதும், வாய்விட்டுக் கேட்பதும், ஆஸ்பத்திரி வரை கூடப் போவதும்தான் நம்முடையது.

துணி வாளி சொல்லும்

மனச்சோர்வு வந்தவர்கள் எப்போதும் அழுதுகொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நிறையப் பேர் அழுவதே இல்லை. குளிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஊறப்போட்ட துணி மூன்று நாளாக வாளியிலேயே கிடந்து நாற்றமடிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குமேல் தூக்கம் கிடையாது. காலை நேரம்தான் ரொம்ப மோசம், சாயங்காலம் கொஞ்சம் தெளிவார்கள். சிலர் இதற்கு நேர்மாறாகப் பகலெல்லாம் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். 'மனசு சரியில்லை' என்று வந்து நிற்பவர்கள் ரொம்பக் குறைவு. 'தலை பாரமா இருக்குங்க மேம்', 'உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குதுங்க' என்றுதான் வருவார்கள். மாத்திரை கேட்டு அடிக்கடி வருகிறவளின் பெயரைக் குறித்து வையுங்கள்.

காதல் தோல்வி, அரியர், வீட்டில் சண்டை என்று வரும் வருத்தமும் இப்படித்தானே இருக்கும் என்று கேட்கலாம். அந்த வருத்தத்தில் இருப்பவள் தோழி பானிபூரி வாங்கி வந்தால் அரை மணி நேரமாவது சிரிப்பாள். மனச்சோர்வில் இருப்பவளுக்கு அந்தப் பானிபூரியில் ருசியே தெரியாது. கிட்டத்தட்ட எல்லா நாளும், நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு இப்படியே இருந்தால் டாக்டர்கள் அதை நோயாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சாவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் இரண்டு வாரக் கணக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் தைராய்டு, ரத்தசோகை, பி12 சோதனையும் எழுதுவார்கள். 'மனசுக்கு எதுக்குங்க ரத்தப் பரிசோதனை?' என்று அப்பாக்கள் கேட்பார்கள். தைராய்டு குறைந்தாலே ஆள் இப்படி முடங்கிப் போகலாம், அதனால்தான்.

இதன் மறுபக்கத்தை நான் முதல் தடவை கோட்டை விட்டேன். ஒரு மாதம் கட்டிலைவிட்டு எழுந்திருக்காத பெண், ஊரில் பொது மருத்துவர் ஒருவர் கொடுத்த மாத்திரையோடு திரும்பி வந்தாள். இரண்டே வாரத்தில் எழுந்து நடமாடினாள். சிரித்தாள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி ரவுண்ட்ஸ் போகும்போது வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குப் பார்த்தால் கேட்டிலிருந்து மெஸ் வாசல் வரைக்கும் கோலம். நிஜமாகவே நல்ல கோலம், நான் போட்டோகூட எடுத்தேன். அந்த வாரமே ஆன்லைனில் பதினொரு சுடிதார் வந்து இறங்கியது, பணம் கொடுக்க ரூம்மேட்டுகளிடம் கடன். பேச்சு ரயில் மாதிரி ஓடும், நடுவில் நாம் ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. இருதுருவ மனநோய் என்கிறார்கள், பைபோலார் என்றால் பலருக்குத் தெரியும். இது உள்ளவர்களுக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சில சமயம் இப்படி மேலே தூக்கிவிடும். ஆகவே டாக்டரிடம் போகும்போது, முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் உற்சாகமாகத் திரிந்தாளா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்ததா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அந்தப் பெண்ணின் பாட்டி கடைசியில்தான் சொன்னார்: 'எந்தம்பி ஒருத்தன் இப்படித்தானுங்க, ஒரே ராத்திரியில கெணறு வெட்டறேன்னு கெளம்பிட்டான்.'

பரீட்சைக்குப் படிக்கிறவளும் இரண்டு மணி நேரம்தான் தூங்குவாள். ஆனால் மறுநாள் முகம் தொங்கிப்போகும். இவளுக்குத் தொங்காது. நாலு நாளைக்கு மேல் அப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தால் விடுதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது ரத்தத்தில் ஓர் அளவுக்குள் நிற்கவேண்டிய மருந்து, அதற்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்வார்கள். உப்பையும் தண்ணீரையும் குறைத்து விரதம் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, மாதவிடாய் வலிக்கு இப்யூப்ரோஃபென் மாதிரி மாத்திரை போட்டாலோ அளவு ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தட்டு

என் சர்வீஸில் நான் செய்த பெரிய தப்பு ஒரே ஒரு வாக்கியம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கோடை விடுமுறை முடிந்து வந்தாள். மெஸ் வரிசையில் எல்லோர் முன்னாலும், 'நல்லா எளைச்சு அழகாயிட்டே கண்ணு' என்றேன். பாசமாகத்தான் சொன்னேன். ஏழெட்டு மாதம் கழித்து டாக்டரம்மா சொன்னார்: 'அந்த ஒரு வார்த்தையை வச்சே அவ மூணு மாசம் பட்டினி கிடந்திருப்பா.'

திரும்பிப் பார்த்தால் எல்லாமே கண் முன்னால்தான் இருந்தது. முதலில் செவ்வாய், வெள்ளி விரதம். அப்புறம் சஷ்டி, பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி. கடைசியில் காலண்டரில் விரதம் இல்லாத நாளே இல்லை. நாங்கள் பக்திமான் என்று மெச்சிக்கொண்டிருந்தோம். இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே சுற்றிச் சுற்றி வைப்பாள், முக்கால் மணி நேரம் ஆகும், கடைசியில் அது தட்டு கழுவும் குழாயடிக்குப் போகும். சித்திரை வெயிலில், ஈரோட்டில், ஸ்வெட்டர் போட்டிருந்தாள். குளியலறைச் சாக்கடை வாயில் கொத்தாக முடி. கையில் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம். மாதவிலக்கு நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இத்தனையிலும் 'குண்டாயிடுவேன்' என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. 'வயிறு உப்பிக்குதுங்க மேம், எறங்க மாட்டேங்குது' என்றுதான் சொன்னாள். வீட்டில் வயிற்று டாக்டரிடம் காட்டி எண்டாஸ்கோப்பி வரை எடுத்தார்கள். நம் பக்கம் இந்தப் பட்டினி நோய் இப்படி வயிற்று வலி வேஷத்திலோ விரத வேஷத்திலோ வருவதுண்டு. அனோரெக்சியா என்ற பெயர் காதில் விழுவதற்குள் ஒரு வருஷம் ஓடிப்போகும்.

இன்னொரு வகையில் எடையை வைத்து ஒன்றுமே கண்டுபிடிக்க முடியாது. பார்க்க எல்லோரையும் போல இருப்பாள். ரகசியமாக ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுப்பது புலிமியா. பொன்னுக்குவீங்கி வந்தமாதிரி கன்னத்தின் கீழே வீக்கம், ஐஸ் தண்ணீர் குடித்தால் பல் கூச்சம், சாப்பிட்ட கையோடு நேராகக் குளியலறை. எங்கள் விடுதியில் இது திருட்டுப் புகாராக வந்தது. ரூம்மேட்டின் முறுக்கு டப்பா காலி. நானும் நாட்டாமை மாதிரி எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைத்து விசாரித்தேன். அன்றைக்கு அந்தப் பெண் அனுபவித்த அவமானத்துக்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. சாப்பாடு காணாமல் போனால் ஊரைக் கூட்டாதீர்கள். வாந்தி எடுக்காமல், கட்டுப்பாடு இழந்து சாப்பிட்டுவிட்டுக் கூசிப்போகிறவர்களும் உண்டு. அவர்களை 'தீனிப் பண்டாரம்' என்று கேலி பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான்.

எப்படிப் பேசுவது? உடம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒல்லி, குண்டு, எடை, 'பூசினாப்ல இருக்கே' எதுவும் கூடாது. பார்த்ததை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: 'நாலு நாளா நீ மோர் மட்டும் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போறதைப் பார்த்தேன் கண்ணு. எனக்குக் கவலையா இருக்கு.' அவள் கோபப்படுவாள், ஒன்றுமில்லை என்பாள். சரி என்று விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள். தட்டின் முன்னால் நின்று அதட்டினால் தட்டைப் பார்த்தாலே பயம்தான் வரும்.

அம்மாக்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல வாரம் சரியாகச் சாப்பிடாத பிள்ளையை ஊருக்கு அழைத்துப்போய் நெய்யும் நாட்டுக்கோழியுமாக ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறு சேரும்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் கை ஊன்றாமல் எழ முடியாவிட்டால், வாந்தியில் ரத்தம் வந்தால் அன்றைக்கே கூட்டிப்போய் ஈ.சி.ஜி.யும் ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே கொஞ்ச நாள் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு மூன்று வேளையும் கூட உட்காருவது ஒரு சிகிச்சை முறையாகவே இருக்கிறது. 'டயட் இருக்கா, சரியாயிடுவா' என்று விடுகிற விஷயம் இல்லை இது. மனநோய்களிலேயே அதிக உயிர்களை எடுப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. உடல் ஓய்ந்துபோய் இறப்பவர்கள் மட்டும் இல்லை, தற்கொலையால் இறப்பவர்களும் அதில் அடக்கம். அதனால் சாப்பிடாத பெண்ணிடமும் கீழே வரும் கேள்வியைக் கேட்டாகவேண்டும்.

அந்தக் கேள்வி

முதல் தடவை கேட்பதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். 'செத்துப் போயிரலாம்னு தோணுதா கண்ணு?' வாய் வரவில்லை. அமங்கலமாகப் பட்டது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேறு. அப்படி விதைப்பதில்லை என்பதில் மனநல மருத்துவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் மூச்சை விடுவார்கள். 'அப்பாடா' என்கிற மாதிரி ஒரு மூச்சு.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'தப்பா எதுவும் யோசிக்கலையில்ல?' என்று கேட்காதீர்கள். அதற்கு 'இல்லைங்க மேம்' என்ற ஒரே பதில்தான் இருக்கிறது, அதை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம்.

எப்போது கேட்பது? 'நான் இருந்து என்ன பண்ணப் போறேன்', 'நான் இல்லாட்டி அப்பாவுக்கு ஃபீஸ் மிச்சம்', 'தூங்கினா எந்திரிக்கவே கூடாது' என்கிற மாதிரி பேச்சு வந்தால். பிடித்த பொருளை ஜூனியர்களுக்குக் கொடுத்தால். ஒருத்தி மூன்று மாதப் பழைய டீக்கடன் 60 ரூபாயைத் தேடி வந்து அடைத்தாள், அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ரொம்ப நாள் தவித்தவள் காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியானால் நிம்மதி அடையாதீர்கள், கேளுங்கள். ரிசல்ட் வருகிற ராத்திரி, கல்யாணப் பேச்சு முடிந்த வாரம், அந்தரங்கப் படம் ஏதாவது பரவிய நாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் வாரங்கள். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரமும் கண் இருக்கட்டும். மனசு தேறும் முன்னால் உடம்பில் தெம்பு வந்துவிடும்.

'ஆமாங்க' என்று சொல்லிவிட்டால் பதறாதீர்கள். 'அம்மா அப்பாவை நெனச்சுப் பாத்தியா?' என்று கேட்காதீர்கள். அவளுக்கு அதை நினைத்து நினைத்துத்தான் இந்த நிலைமை. தான் அவர்களுக்குப் பாரம் என்று ஏற்கனவே முடிவு கட்டியிருப்பாள். 'சொன்னது நல்லதாப் போச்சு. நான் இங்கேயேதான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எத்தனை நாளாக? இன்றைக்கும் தோன்றியதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா? அதற்கு ஏதாவது கைவசம் இருக்கிறதா? முன்னால் எப்போதாவது முயன்றிருக்கிறாயா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அபாயம் பெரிது.

வழியும் நாளும் யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நொடிகூடத் தனியாக விடாமல், குளியலறைக்குப் போனாலும் தாழ்ப்பாள் போடாமல், அன்றிரவே அவசரப் பிரிவு. ஏற்கனவே எதையாவது விழுங்கியிருந்தால் 108. சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையோ டப்பாவோ கிடந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

'யாருகிட்டயும் சொல்லாதீங்க மேம்' என்பாள். சத்தியம் செய்யாதீர்கள். நான் சொல்வது இதுதான்: 'உன் உசுரு சம்பந்தப்பட்டதை மட்டும் என்னால ஒளிச்சு வைக்க முடியாது கண்ணு. யாருகிட்ட, எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கலாம்.' சில வீடுகளில் அப்பாதான் பிரச்சினையே. அப்போது சித்தியோ அத்தையோ யாராவது ஒருவரைத் தேடுங்கள்.

ஊருக்கு அனுப்பும்போது வீட்டில் ஒன்று சொல்லி அனுப்புவேன். எங்கள் பக்கம் தோட்டம் இல்லாத வீடு குறைவு. பூச்சிமருந்து ஷெட்டுக்குப் பூட்டு போடுங்கள், சாவி வெளியாள் ஒருவரிடம் இருக்கட்டும். வீட்டு மாத்திரைகளும் பூட்டிலேயே இருக்கட்டும், அவளுக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் கையில் கொடுங்கள். 'நெனச்சவ எப்படியும் செய்வாளுங்க' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது தப்பு. இலங்கையில் 1995-லும் 1998-லும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றைத் தடை செய்தார்கள். அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. அந்த உந்துதல் பலருக்கும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஆள் பிழைத்துவிடுகிறாள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதும் இல்லை.

போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தரவேண்டும் என்கிறது. ஆஸ்பத்திரியில் பதிவு போடுவார்கள், அது அவர்கள் நடைமுறை. அதற்குப் பயந்து தாமதிக்காதீர்கள்.

ஆபத்து தணிந்த பிறகு ஒரு அட்டையில் அவள் கையாலேயே எழுத வைப்பேன். எனக்கு மோசமாகப் போகிறது என்று எதை வைத்துத் தெரியும், அப்போது நானே என்ன செய்து பார்க்கலாம், யார் பக்கத்தில் போய் உட்காரலாம், யாருக்குப் போன் பண்ணலாம், எதை என் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லவேண்டும். ஒருத்தி 'மெஸ் அக்காகூட வெங்காயம் உரிக்கிறது' என்று எழுதினாள். மெஸ் அக்கா இப்போதும் அவளுக்கென்று தினமும் ஒரு கூடை எடுத்து வைக்கிறார். கீழே நம்பர்கள்: டெலி மானஸ் 14416, மத்திய அரசுடையது, 24 மணி நேரம், இலவசம், தமிழில் பேசலாம். மாநில அரசின் 104. சென்னையில் 1986 முதல் நடக்கும் சினேகா அமைப்பு, 044-24640050.

ஆஸ்பத்திரிக்குப் போனபின்

மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்தாம் நாள் 'ஒண்ணும் கேக்கலைங்க' என்று நிறுத்துகிறவர்களும், நன்றாக ஆனதும் 'இனி எதுக்கு' என்று நிறுத்துகிறவர்களும்தான் திரும்ப வருகிறார்கள். மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம் என்று பெற்றோர் சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. போய் வாருங்கள், மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போங்கள் என்பேன். சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற இடம் என்றால் மட்டும் விடமாட்டேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள்.

திரும்பி வருகிறவளுக்கு வரவேற்பு விழா வேண்டாம். அறை மாற்ற வேண்டாம். ரூம்மேட்டுகளைக் காவலுக்கு வைக்காதீர்கள், அவர்களும் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் தூக்கம் போயிருக்கும், அவர்களையும் தனியாக உட்காரவைத்து விசாரியுங்கள். பக்கத்துக் கல்லூரியில் ஏதாவது நடந்துவிட்டால் எப்படி நடந்தது என்ற கதையை வளர்க்கவிடாதீர்கள், போட்டோ ஃபார்வர்டுகளை அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நம்பர் ஒட்டும் விஷயம். கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் ரூம் வாசலில் மாட்டியிருந்தேன், இரண்டு வருஷம் யாரும் நின்று பார்க்கவில்லை. இப்போது 14416 என்று பத்து முறை எழுதி, கிழித்துக்கொள்ளும்படி நடுவில் வெட்டி, ஒவ்வொரு கழிவறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுகிறேன். பசை போட்டால் ஈரத்தில் வந்துவிடுகிறது, அகல செல்லோ டேப்தான் நிற்கும். மாதம் ஒன்றாம் தேதி மாற்றுவேன். எல்லாக் கதவும் சேர்த்து ஏழெட்டுத் துண்டு கிழிந்திருக்கும். யார் என்று பார்ப்பதற்கு அந்தப் பக்கம் கேமரா வைக்கலாம் என்று நிர்வாகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.